நாளைக்கு என்ன செய்வது?



"கவலைப்படுவது பாவமா, சுவாமி?" கொரோனாக் காலத்தில் குருக்களிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளில் இது ஒன்று. கேட்டவர்களில் அநேகர் நல்ல பக்தியுள்ளவர்கள். நாளையைப் பற்றிக் கலங்கவேண்டாமென்று நம் ஆண்டவர் மலைப்பொழிவிலே சொல்லியிருக்க, நாங்கள் இரவிரவாகக் கலங்கிக்கொண்டிருக்கிறோமே, எங்கள் விசுவாசம் இவ்வளவுதானா என்று தங்களைத் தாங்களே குற்றஞ்சாட்டிக்கொண்டார்கள். அன்று படலைக்கு வெளியே நின்று இரண்டொரு வார்த்தையில் சொன்னதை இன்று சற்று ஆறுதலாகச் சொல்லலாம் என எண்ணுகிறோம். உலக சுகாதார நிறுவனம் அந்த அவசரநிலை முடிந்துவிட்டதாக 2023 மே 5ஆந் திகதி அறிவித்தது. ஆனால் அவசரநிலை முடிந்த வேகத்தில் மனக்கவலை முடிந்துவிடவில்லை என்பதை வீடுகளைச் சந்திக்கும் எந்தக் குருவானவரும் அறிவார்.

முதலில் கேள்விக்கு மறுமொழி. கலங்குவது பாவமன்று. கெத்சமனித் தோட்டத்திலே நம் ஆண்டவரே துயரத்தினால் நிறைந்து, வேதனைமிக்க இரவொன்றைக் கழித்தார். கூட இருந்து விழித்திருக்கும்படி மூன்று சீடரைக் கேட்டார். தேவசுதனே தனக்குத் துணை தேடினார் என்றால், நெஞ்சு படபடத்த ஒரு தாயைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் நம்மை எச்சரித்தது வேறொன்றைக் குறித்து.

பழந்தமிழில் 'கவலை' என்ற சொல்லுக்குக் கிளைத்துப் பிரியும் வழி என்றொரு பொருளுண்டு. கவர்விட்ட பாதையின் முன்னே நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் ஓரடியும் எடுத்துவைக்காத வழிப்போக்கனை நினைத்துப் பாருங்கள். நற்செய்தி ஏடுகளின் கிரேக்க மூலத்திலே கவலையைக் குறிக்கும் சொல்லையும், பிரித்தல் என்று பொருள்படும் சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. ஆக, கவலை என்பது பிளவுபட்ட மனம். உடல் இன்றைக்குள் இருக்கிறது. மனமோ நாளைக்கும் நாளன்றைக்கும் ஓடி, அங்கே வராத துன்பத்தையெல்லாம் முன்கூட்டியே அனுபவிக்கிறது. இன்று செய்யவேண்டிய காரியம் செய்ய ஆளில்லாமல் கிடக்கிறது. ஆண்டவர் எச்சரித்தது இந்தப் பிளவைத்தான்.

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. அது தபசுகாலம். முதல் ஓரிரு நாளும் பலருக்கு விடுமுறை போலத்தான் இருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த விடுமுறை சற்று நீண்டது. அன்றாடம் உழைத்து அன்றாடம் அரிசி வாங்குகிறவனுக்கு மூன்றாம் நாளே அடுப்பு அணைந்தது. மேசன் வேலைக்குப் போகிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், சந்தையில் கீரைக் கட்டு விற்கிற அம்மா, இவர்களுக்கு நோயைவிட நாளையே பயங்கரமாய் இருந்தது. பிள்ளைக்குப் பால்மா எங்கே? அப்புவுக்குப் பிரஷர் குளிசை முடிகிறதே, கிளினிக் நடக்குமா? அடகு வைத்த சங்கிலியின் தவணை என்னாவது? அரசாங்கம் கொடுத்த 5000 ரூபா சிலருக்குக் கிடைத்தது. சிலர் பெயர்ப் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவிச் சந்தை மூடப்பட்டபோது, நம் கரையோரப் பங்குகளில் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமற் போயிற்று. மீன் தின்றால் நோய் வராது என்று காட்ட, முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நாடே பார்த்துச் சிரித்தது. ஆனால் வலையை இழுத்துவிட்டு மீனை என்ன செய்வதென்று தெரியாமல் கரையில் குந்தியிருந்தவனுக்கு அது சிரிப்பாய் இருந்திராது.

ஊரடங்கு நமக்குப் புதிதா? எறிகணைக்கும் விமானத்துக்கும் பயந்து வளர்ந்தவர்கள் நாம். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பட்ட காலத்தையும், 1995ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் மூட்டை முடிச்சுடன் தென்மராட்சிக்கு நடந்ததையும் மறந்தவர் யார்? அதனால் 'இதென்ன பெரிய காரியம்' என்று துணிந்து பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை அவர்கள் கவனிக்கவில்லை. அந்தக் காலத்தில் பயம் வந்தால் நாம் கோவிலுக்கு ஓடினோம். ஒரே கூரையின்கீழ் நெருங்கிப் படுத்தோம், ஒரே கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம், பக்கத்திலிருந்தவரின் மூச்சே நமக்குத் தைரியமாய் இருந்தது. இந்த நோயிலோ பக்கத்திலிருப்பவரின் மூச்சுத்தான் ஆபத்து! நமக்குத் தெரிந்த ஒரே மருந்து நமக்குத் தடைசெய்யப்பட்டது. போரைத் தாங்கியவர்களும் இந்த நோயிலே தளர்ந்துபோனதற்குக் காரணம் இதுவே என்பது எமது எண்ணம்.

கோவில் கதவுகளும் பூட்டப்பட்டன. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு, 2020 ஏப்ரல் 12ஆந் திகதி, உயிர்ப்பு விழாவே மக்களில்லாத கோவில்களில் நடந்தது. 'விசுவாசமிருந்தால் திறந்திருக்க மாட்டார்களா?' என்று கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவுகள் சுற்றி வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவற்றை அனுப்பியவர்கள் திருச்சபையின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்திருக்கலாம். 1576இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது பேராயராக இருந்தவர் புனித சார்ள்ஸ் பொரோமேயு. அவரைவிட விசுவாசத்தில் வீரர் யார்? அவர் கோவில்களுக்குள் கூட்டம் கூடுவதைத் தவிர்த்து, தெருச்சந்திகளிலே பீடங்களை அமைத்தார். சனங்கள் தங்கள் வீட்டு யன்னல்களில் நின்றபடியே திருப்பலி கண்டார்கள். மணியோசை கேட்டதும் யன்னலுக்கு யன்னல் செபம் மாறிமாறி எழும்பியது. குளிரில் நடுங்கிய ஏழைகளுக்குத் தன் மாளிகையின் திரைச்சீலைகளை வெட்டி உடுப்புத் தைப்பித்தார். கதவைப் பூட்டியவரும் அவர்தான், திரைச்சீலையைக் கிழித்தவரும் அவர்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நமக்கு எளிது.

நமது நாட்டுக்கும் ஒரு சாட்சி உண்டு. 1687இல் வயிற்றுளைவோடு யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், பத்து ஆண்டுகளுக்குப் பின் கண்டியில் இருந்தபோது, 1697இல் அங்கே வைசூரி பரவியது. நோயாளரைச் சொந்த வீட்டாரே காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிப் போய், கொட்டில் போட்டுக் கொடுத்து, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தவர்களைத் தங்கள் கையாலே புதைத்தார்கள். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர்கள் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கியபோது நாமெல்லாம் கைதட்டினோம். ஐந்து ஆண்டுகளில் பரீட்சை நம் வாசலுக்கு வந்தது. தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்ட வீட்டைக் கடக்கும்போது மறுபக்கமாய்ச் சைக்கிளைத் திருப்பியவர்கள் எத்தனை பேர்! பதினான்கு நாள் முடிந்து, தொற்றில்லை என்ற கடதாசி கையிலிருந்தும், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடையில் சாமான் கொடுக்காத சம்பவங்களும் நடந்தன. தூரம் விட்டு நிற்பது தற்காப்பு, அது கடமையுங்கூட. முகத்தைத் திருப்புவது வேறு. அதே நாட்களில் சோற்றுப் பெட்டியை வேலிக் கதியாலிலே கொழுவிவிட்டு, பத்தடி தள்ளி நின்று 'அக்கா, சாப்பாடு வைச்சிருக்கிறன், எடுங்கோ' என்று கூப்பிட்ட அயலவர்களும் இருந்தார்கள் என்பதை நன்றியோடு எழுதுகிறோம். சுகாதார விதி ஒன்றையும் அவர்கள் மீறவில்லை.

இனி, நாளை என்ற பூதத்தை எப்படிச் சமாளிப்பது? வனாந்தரத்திலே இஸ்ராயேல் மக்களுக்கு மன்னா பொழிந்த வரலாற்றை வாசித்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கினார்கள். நாளைக்கென்று ஒளித்து வைத்தவர்களின் பானையில் மறுநாள் புழு நெளிந்தது. ஆண்டவர் கற்பித்த செபத்திலே நாம் உணவு கேட்பதும் இன்றைக்குத்தான். 'எனக்கு' என்றல்ல, 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். அப்படியானால் முன்னேற்பாடு கூடாதா? எகிப்திலே யோசேப்பு ஏழு ஆண்டுகள் தானியம் சேர்த்தாரே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. யோசேப்பு சேர்த்தது ஒரு நாட்டுக்கு. பஞ்சம் வந்ததும் களஞ்சியத்தைத் திறந்தார். ஊரடங்கு தளர்த்தப்பட்ட சில மணித்தியாலத்துக்குள் கடைக்கு முதலில் ஓடி, இருந்த பருப்பையும் மாவையும் ஒருவராகவே தூக்கிவந்தவர் யாருக்காகச் சேர்த்தார்? வரிசையின் கடைசியில் நின்ற கிழவி வெறும் பையோடு திரும்பினாள். கவலை பாவமாக மாறும் இடம் இதுதான்: என் நாளைக்காக இன்னொருவரின் இன்றையை எடுத்துக்கொள்ளும்போது.

ஆகவே கவலை வரும்போது அதை ஒரு நாள் அளவுக்கு வெட்டிக்கொள்ளப் பழகுங்கள். இன்று யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை? இன்று எந்தக் குளிசை வேண்டும்? கைத்தொலைபேசியில் செய்தியைக் காலையிலும் மாலையிலும் பார்த்தால் போதாதா? மணிக்கொரு தடவை மரண எண்ணிக்கை பார்த்த ஒருவரும் அதனால் ஒரு மரணத்தைத் தடுத்ததில்லை. கையைச் சவர்க்காரம் போட்டு இருபது செக்கன் கழுவச் சொன்னார்கள். அந்த நோய்க்கிருமியின் மேலுறை கொழுப்பினாலானது, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். ஆறுதலாகச் சொன்னால் ஒரு அருள்நிறை மரியே மந்திரத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரந்தான் செல்லும். செபமும் சவர்க்காரமும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பவையல்ல.

2020 மார்ச் 27ஆந் திகதி மாலை, மழை தூறிக்கொண்டிருந்த வெறும் இராயப்பர் சதுக்கத்தில், 2025இல் இறைபதம் எய்திய பாப்பரசர் பிரான்சிஸ் தனியே நின்று செபித்ததைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி, கடலில் புயல் எழும்பிய நிகழ்ச்சி. நம் கடற்றொழிலாளருக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்தச் சீடரிற் பலர் அதே கடலில் வலை வீசியவர்கள். புயலின் குணம் தெரிந்தவர்கள் என்பதாற்றான் பயந்தார்கள். அவர்கள் ஆண்டவரைத் தட்டி எழுப்பிய விதம் மரியாதையானதன்று; அது ஒரு முறைப்பாடு. ஆனாலும் அவர் எழுந்தார். முறைப்பாடும் செபந்தான் என்று துணிந்து சொல்கிறோம். அழகான வார்த்தை வரும்வரை காத்திராதீர்கள்.

ஒரு கவலை மட்டும் நாள் அளவுக்குள் அடங்காதது. நம் நாட்டில் 16,000 பேருக்கு மேல் இந்நோயால் இறந்தார்கள். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, நோயால் இறந்த எவரையும் தகனம் செய்தே ஆகவேண்டுமென்று சட்டம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் இப்படி நடந்தது. நம் முஸ்லிம் சகோதரருக்கு அது மார்க்கத்துக்கே மாறானது. அவர்கள் பட்ட வேதனை நம்முடையதிலும் பெரிது. அதன் பின்னரும் அடக்கம் செய்ய விரும்பியவர்கள் ஓட்டமாவடிக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டி திறக்கவில்லை, ஒப்பாரி சொல்ல ஆளில்லை, சேமக்காலையில் ஒரு பிடி மண் போடவில்லை. 'அவரை எரிச்சுப் போட்டினம் சுவாமி, உயிர்ப்பு நாளிலை அவருக்கு உடம்பு இருக்குமோ?' என்று இன்றும் கேட்கிற விதவைத் தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அம்மா, இருக்கும். மண்ணிலிருந்து எழுப்புகிறவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்பவுந் தெரியும். விசுவாசத்தை மறுக்கும் எண்ணத்தோடு செய்யப்படாத தகனத்தைத் திருச்சபை 1963ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டது. நீங்கள் விரும்பாமலே நடந்த ஒன்றுக்காக அவரோ நீங்களோ எதையும் இழந்துவிடவில்லை. அஸ்தியை வீட்டு அலுமாரியில் வைத்திருப்பவர்கள் பயந்து ஒளிக்கவேண்டாம். அதைப் புனிதமான இடத்தில் வைக்கும்படி திருச்சபை 2016இல் கேட்டிருக்கிறது. பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள். சேமக்காலையில் உங்கள் குடும்பக் கல்லறைக்குள் அதை வைத்து மந்திரிக்கலாம்.

அஸ்தியும் கிடைக்காதவர்கள் இருக்கிறீர்கள். கார்த்திகை மாதம் மரித்த விசுவாசிகளுக்குரியது. அன்று சேமக்காலைக்கு வந்து, நிற்பதற்கு ஒரு கல்லறை இல்லாமல் படலையோடு திரும்பிவிடாதீர்கள். நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் உங்கள் மெழுகுதிரியை ஏற்றுங்கள். திருப்பலிக்கு முன்னர் ஒரு துண்டில் அவருடைய பெயரையும், இறந்த திகதியையும் எழுதிச் சங்கிலித்தாமிடம் கொடுங்கள். திகதி நிச்சயமில்லையென்றால் பெயர் மட்டும் போதும்.