ஜோன் காணாத பாரிஸ்

பாரிஸின் லாச்சப்பலில், தமிழ்க் கடைகளைத் தாண்டி வடக்கே நடந்தால் பழைய சென் தெனி தேவாலயம் வரும். வாசலில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை நிற்கிறது. 1429 செப்டம்பரில், எதிரிகள் வசமிருந்த பாரிஸைத் தாக்கும் முன் அவர் இங்கே ஜெபித்தார் என்பது மரபு.

தாக்குதல் தோற்றது. ஜோனின் தொடையில் அம்பு பாய்ந்தது.

தேவன் கைவிட்டாரா? பின்னர் எதிரிகளிடம் பிடிபட்டு நின்ற 1431 விசாரணையில் ஜோன் அப்படிச் சொல்லவில்லை. அன்று போருக்குப் போனது படைத்தலைவர்கள் கேட்டதால்தான், தாம் கேட்ட குரல்களின் கட்டளையால் அல்ல என்றார். மனித அவசரத்தைத் தேவசித்தம் என்று பூசி மெழுகாத அந்த நேர்மை அபூர்வமானது. அவ்வாண்டே அவரை எரித்தார்கள். பாரிஸ் 1436-இல்தான் பிரெஞ்சு அரசர் வசமானது. அவரைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு 1456-இல் ரத்தானது. புனிதர் பட்டமோ 1920-இல்தான்.

அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் ஆண்டுக்கணக்கில் தவித்த ஈழத்தமிழருக்கு நியாயத்துக்கான இந்த நீண்ட காத்திருப்பு புரியும். அவர்களிடம் "கர்த்தருடைய வேளை வரும்" என்று சொல்லிவிட்டு நகர்வது கொடுமை. யாக்கோபு நிருபத்தின் விவசாயி மழைக்குக் காத்திருக்கிறான். ஆனால் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறான். அப்படியே சபையும் அரசிடமிருந்து வரும் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம், அலுவலகத்துக்குத் துணைபோகலாம், மறுப்பு வந்த நாளில் வீடு தேடிப்போய் உட்காரலாம்.