வாழைப்பழத்தின் மேல் பழி

மூச்சிரைப்பு உள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் தட்டிலிருந்து முதலில் பறிபோவது வாழைப்பழம். அடுத்து தயிர், பிறகு எலுமிச்சை, கொய்யா, பானைத் தண்ணீர். 'சளி பிடிச்சுக்கும்' என்று சொன்னால் போதும், மறுபேச்சு கிடையாது. அதே வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணிப் புகை அறை அறையாகப் போய் வரும். ராத்திரி கட்டிலுக்குக் கீழே கொசுவர்த்திச் சுருள் புகையும். மூக்கொழுகும் பேரன் மடியில் ஏறி உட்கார்ந்து கதை கேட்பான். இதையெல்லாம் யாரும் நிறுத்துவதில்லை. நோயாளிக்குப் பிடித்ததைத் தடுக்கிறோம். நமக்குப் பழகியதை விட்டுவிட மனசு வருவதில்லை. இந்த அநியாயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா சீமைக்கருவேல விறகில் சமைத்தே காலத்தை ஓட்டியவர். ஜன்னல் இல்லாத அடுப்படி. ஈர விறகு பற்றாதபோது குனிந்து ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுவார். அடுத்த மூச்சை அந்தப் புகையிலிருந்துதான் இழுத்தாக வேண்டும். பீடி, சுருட்டு எதையும் தொட்டவரில்லை. முதுமையில் மூச்சு வாங்குகிறது என்று கூட்டிப் போனபோது ஸ்பைரோமெட்ரி குழாயில் ஊதச் சொன்னார்கள். சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதினார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். உலக அளவில் இதற்குப் பெரிய காரணம் புகைப்பழக்கம்தான். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இது அடுப்படி கொடுத்த நோய். ஏழை வீடுகளுக்கு காஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-இல் வந்தது. அதற்குப் பிறகும் காபிக்கு காஸ், வெந்நீருக்கு விறகு என்று ஓடும் வீடுகள் ஏராளம்.

இந்த நோயில் போன நுரையீரல் திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதைக் கெடுப்பது நடுநடுவே வரும் 'இழுப்பு'. நேற்றுவரை வாசல் பெருக்கியவர் இன்று குளியலறைக்கு நடந்து போக முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வார். சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே விடிய விடிய விழித்திருப்பார். ஊசி, மாத்திரை, நெபுலைசர் என்று மீண்டு வந்தாலும், கடுமையான ஒவ்வோர் இழுப்பும் நுரையீரலின் பலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் எது இழுப்பைக் கிளப்புகிறது என்று கண்டுபிடிப்பது மருந்தளவுக்கு முக்கியம் என்கிறேன்.

எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தவர் பெரியம்மாவின் மருமகள், எங்கள் மதினி. தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். மூச்சு எப்படி, சளி என்ன நிறம், யார் வந்தார்கள், வீட்டில் என்ன புகைந்தது, எந்த மருந்து தவறியது, அவ்வளவுதான். 'தும்மலோட பெரியவன் வந்தான்' என்று ஒரு தாள். 'மாடியில டைல்ஸ் வெட்டுறாங்க' என்று ஒன்று. 'பஃப் தீந்துபோச்சு, நாளைக்குத்தான் வாங்கணும்' என்று இன்னொன்று; பஃப் என்றால் இன்ஹேலர். கொஞ்ச நாளில் தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. வீட்டில் யாருக்காவது ஜலதோஷம் வந்தால், ஓரிரு நாள் கழித்து பெரியம்மாவுக்கு இழுத்தது.

மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. பெரும்பாலான இழுப்புகளைத் தொடங்கி வைப்பது கிருமித் தொற்று. அதிலும் சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோ வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. தொற்றிய நிமிடமே அது வேலையைக் காட்டாது. ஞாயிற்றுக்கிழமை பேரன் தும்மியதை எல்லோரும் மறந்துவிடுவோம். செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட வாழைப்பழம்தான் ஞாபகத்தில் நிற்கும். பழி அதன் மேல் விழும். பழத்தாலோ தயிராலோ இந்த நோய் கிளர்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு வாங்கும், சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்சில் புளித்து ஏறும், இவை நிஜம். அதற்குக் கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் வழி. நோயால் ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும் உடம்பைப் பட்டினி போடுவது கொடுமை.

புகை ஜலதோஷக் கிருமி போல நாள் எடுத்துக்கொள்ளாது, நின்ற இடத்திலேயே தாக்கும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் படுக்கிறோம். கொசுவலை கட்ட ஐந்து நிமிடம் ஆகாது. மிளகாய் வறுக்கும் நெடி, ஒட்டடை அடிக்கிற தூசி, புது பெயிண்ட், பினாயில், யாரோ பூசி வரும் சென்ட் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று ஆகாது. யாரும் சந்தேகப்படாத ஒன்றும் உண்டு: கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் போன்ற சொட்டு மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். கண் டாக்டரிடம் மூச்சுப் பிரச்சினையைச் சொல்லத்தான் வேண்டும். அதற்காகச் சொட்டு மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

நம் ஊரில் ஐப்பசி முதல் தை வரை இவர்களுக்குக் கண்டம். மழையோடு ஃப்ளூ காய்ச்சல் வரும், தீபாவளிப் புகை வரும். மார்கழிக் குளிரில் புகை மேலே போகாமல் தரையோடு கிடக்கும், கடைசியில் போகி வரும். பாயும் பழந்துணியும் எரித்த வழக்கத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துவிட்டன. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் கலந்து விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. ஓடுபாதை தெரியாத அந்தக் காற்றைத்தான் இவர்களும் சுவாசித்தாக வேண்டியிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. நோயாளி வாய் திறப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதினி கேட்டார்: "சாம்பிராணி போட்டாலே வாசல்ல போயி உக்காந்துக்கிறீகளே அத்தே, ஒத்துக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" பெரியம்மா முந்தானையை மூக்கில் வைத்தபடி, "வெளக்கு வெக்கிற நேரத்துல வேண்டாம்னு எப்படித் தாயி சொல்றது" என்றார். தன் மூச்சைவிட வீட்டு வழக்கம் பெரிது என்று அவர் மனதார நம்பினார். பெண்கள் பலர் அப்படித்தான் வளர்க்கப்பட்டார்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை. கேட்கும் முன்னே நாம் விட வேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் விளக்கும் பூவும் மட்டும்தான். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

தவிர்ப்பது என்றால் பூட்டி வைப்பது என்று ஆகிவிடவும் கூடாது. வெளியே போகாமல் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை கரையும், நடந்தால் இன்னும் மூச்சு வாங்கும், அதனால் இன்னும் உட்காருவார்கள். பெரியம்மா ஊரில் எந்தக் கல்யாணத்தையும் விடவில்லை. ஓமப்புகை அடங்கிய பிறகு போவார், கதவோரம் உட்காருவார், எல்லோரையும் விசாரிப்பார், சாப்பிட்டுவிட்டு வருவார். பையில் இன்ஹேலர் இருக்கும். எதை விட வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவருக்கு மற்ற எல்லாமே மிஞ்சும். தெரியாதவர்தான் எல்லாவற்றையும் விடுகிறார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே டாக்டரிடம் ஃப்ளூ தடுப்பூசியையும் நிமோனியா தடுப்பூசியையும் பற்றிக் கேளுங்கள். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டியது. பஃப் உள்ளே போகிறதா, தொண்டையிலேயே தங்கிவிடுகிறதா என்று டாக்டர் முன்னிலையில் நோயாளியை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜலதோஷம் உள்ளவர்களிடம், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், சரியான பிறகு வரச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட மூச்சு அதிகமாக வாங்கினாலோ சளியின் நிறம் மாறினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே காட்டுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.