மழையின் கணக்கும் மனிதரின் கடனும்



2018 மார்கழியில் வன்னியிலே பெருமழை பொழிந்தது. இரணைமடுக்குளம் நிரம்பி வான் கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்து பல்லாயிரம் மக்கள் அல்லலுற்றனர். ‘கதவுகளை முன்னரே திறந்திருக்கலாகாதா?’ என்று பலரும் வினவினர்.

விடை எளிதன்று. முன்கூட்டியே நீரை விட்டு, பின் மழை பொய்த்தால் சிறுபோக வயல் தரிசாகும். தேக்கி வைத்து மழை மிஞ்சினால் கீழ்ப்புறத்தார் வீடு மூழ்கும்.

இக்கணக்கு இனி மேலும் கடினமாகும். காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால், ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அது கொட்டித் தீர்க்கும். வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கத்தை எந்த நாடும் தனித்து அளந்துவிட முடியாது. செய்மதிகளும் பல தேசத்து வானிலை நிலையங்களும் தரும் தகவல்களைப் பரிமாறிக்கொள்வதாலேயே நம்பத்தக்க எதிர்வுகூறல் பிறக்கிறது.

ஆயினும் எதிர்வுகூறல் சில வேளை பிழைக்கும். அப்போது நட்டம் யாருக்கு? கணித்த விஞ்ஞானிக்கோ, கதவைத் திறந்த அதிகாரிக்கோ அன்று. கடன்பட்டு விதைக்கும் கமக்காரனுக்கே. நீதியின் கேள்வி இங்கேதான் எழுகிறது. அனைவரின் பாதுகாப்புக்காக நீரை விடச் சொல்லும் சமுதாயம், மழை பொய்த்தால் அவனது இழப்பையும் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளது. அறிவைப் பொதுவாக்கி, ஆபத்தை மட்டும் ஒருவன் தலையில் சுமத்துவது ஒத்துழைப்பு ஆகாது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது; ஊர்தோறும் கமக்கார அமைப்புகள் இருக்கின்றன. அடுத்த மாரிக்கு முன் இரு சாராரும் கூடியிருக்கும் அவையிலே, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கணக்குப் பிழைத்தால், இழப்பை ஏற்பவர் யார்?