"இப்பவே எழுதி வெச்சிடவா?"ன்னு அப்பா கேட்டா என்ன சொல்வீங்க?



இதைப் படிக்கிற பலருக்கு இருபது, முப்பது வயசுதான் இருக்கும். வீட்டுல அப்பா ரிட்டயர் ஆகிற நேரம். பி.எஃப்., கிராஜுவிட்டி கைக்கு வரும்போதே ஒரு பேச்சும் கிளம்பும். "எல்லாம் உங்களுக்குத்தானே, இப்பவே எழுதி வெச்சிட்டா எங்களுக்கு நிம்மதி."

பாசத்துல வர்ற வார்த்தைதான். ஆனா அதை நாம வாங்கிக்கறது தர்மமா?

முதல்ல ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கணும். செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் சொத்து கை மாறிவிடும். பிறகு மனசு மாறினாலும் எழுதியவர் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. உயில் அப்படி இல்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது.

வீட்டை எழிதிக் கொடுத்துட்டு, அதே வீட்டுல மாத்திரைக்குக் காசு கேட்டு நிக்கிற பெரியவங்க இருக்காங்க. அப்படிப்பட்டவர்களுக்காக 2007-ல் ஒரு பராமரிப்புச் சட்டமே வந்தது. 60 வயதானவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பிள்ளை பார்க்காமல் விட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டவர்களுக்கு அதை நிரூபிப்பது பெரும்பாடு. சரி, நிரூபிச்சாலும், பெத்த பிள்ளை மேல மனு எழுத எந்த அம்மாவுக்குக் கை வரும்? சட்டத்தால வீட்டைத் திருப்பித் தர முடியும். அந்த மனசை?

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். "சொத்து அவங்க பேர்லயே இருந்தா, அதுக்காகத்தான் பிள்ளை பார்த்துக்கறான்னு ஊர் சொல்லாதா?" சொல்லலாம். ஆனா நான் யோசிச்ச வரைக்கும் விஷயம் தலைகீழ். கையில் ஒன்றும் இல்லாத பெற்றோருக்கு, நாம் போடும் சோறுகூட தயவாகத்தான் தெரியும். தன் பணத்தில் தன் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான், நாம் பக்கத்தில் உட்காருவது வெறும் அன்பாகத் தெரியும். அவங்க நம்மகிட்ட கைநீட்டாம இருந்தாத்தான் நம்ம பாசத்துக்கே மரியாதை.

ஞானப்பழக் கதை நமக்குத் தெரியாததா? விநாயகர் சுத்தி வந்தது அப்பா அம்மாவை, பழத்தை இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போன நம்ம முருகன் பழநியில் கோவணமும் தண்டுமா நிக்கிறான். அவன் ஆண்டியானது அவனே எடுத்த முடிவு. வயசான காலத்துல பெத்தவங்களை நாம ஆண்டியாக்கினா, அதுக்குப் பேர் திருவிளையாடல் இல்ல.

அந்தக் கதையிலேயே இன்னொரு பாடமும் இருக்கு. பழம் ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு. பங்கு எப்படிப் பிரிச்சாலும் யாருக்காவது மனசு வலிக்கும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே, திருமணமாகாத மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. சுயமாகச் சம்பாதித்த சொத்து பெற்றோரின் விருப்பம். உடம்பு முடியாத பிள்ளைக்கோ, கூட இருந்து பார்த்த மகளுக்கோ கூடுதலாகக் கொடுத்தால் அது தப்பில்லை. ஆனா காரணத்தை அவங்க வாயாலேயே, எல்லாரையும் உட்கார வெச்சுச் சொல்லிடணும். காகிதத்துல மட்டும் தெரிய வந்தா, அண்ணன் தம்பி உறவு அதோட போச்சு.

அதனால அப்பா கேட்டா இப்படிச் சொல்லுங்க: "உங்க பேர்லயே இருக்கட்டும்ப்பா. உயில் எழுதுங்க. அதுல முதல்ல அம்மா, அப்புறம்தான் நாங்க. பி.எஃப். பணத்தை என் கல்யாணத்துக்கும் கடனுக்கும் எடுக்காதீங்க. தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி வரும்."

இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் நஷ்டமாத்தான் இருக்கும். அந்த நஷ்டத்தையும் வேலவன் பாதத்துல காணிக்கையா வெச்சிடுவோம்.

வேலும் மயிலும் துணை. ஓம் சரவணபவ!