யெப்தாவின் பொருத்தனையும் நம் பிள்ளைகளும்

 

பலர் மனதிலே வைத்துக்கொண்டு, கேட்கத் தயங்குகிற ஒரு கேள்வியை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையின் மனதுக்கு வியாதி வந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது அவிசுவாசமா?

தம்மம்பட்டியிலே ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். "பாஸ்டர், ரட்சிக்கப்பட்ட நாள்ல இருந்து எங்க வீட்ல மாத்திரையே தொட்டதில்ல. இவனுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கறது?" பையனுக்கு வயது 13. மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையானால் வயிற்றுவலி. என்னடா என்றால் எரிந்து விழுகிறான். பந்தைத் தொடுவதில்லை, ராத்திரியில் தூங்குவதில்லை. இதற்கு வீட்டார் வைத்த பெயர் கீழ்ப்படியாமை. சொந்தக்காரர் வைத்த பெயர் பிசாசு.

பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுவார்கள், நாமும் கண்டுபிடித்துவிடுவோம். பிள்ளைகளுக்கு அது பல நேரம் கோபமாக வெளியே வருகிறது. எரிச்சல், தலைவலி, வயிற்றுவலி, மார்க் குறைவது, விளையாட்டில் ஆசை போவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற பேச்சு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நின்றால் அது அடம் அல்ல, வியாதியாக இருக்கலாம். 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 100க்கு 7 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு காணப்பட்டது. நம் ஞாயிறு பள்ளியிலும் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தகப்பனாருக்கு நான் நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். பொருத்தனை பண்ணினவன் யெப்தா. விலை கொடுத்தது யார்? அவன் மகள்! மருந்தில்லாமல் கர்த்தரையே சார்ந்திருப்பேன் என்று ஒரு தேவபிள்ளை தன் சரீரத்தைக் குறித்துத் தீர்மானித்தால், அது அவருக்கும் கர்த்தருக்கும் நடுவே உள்ள காரியம். நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் 13 வயதுப் பையன் அந்தத் தீர்மானத்தை எடுக்கவில்லையே? என் விசுவாசத்தின் பாரத்தை என் பிள்ளையின் தோளில் தூக்கி வைக்க எனக்கு என்ன அதிகாரம்? அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் தகப்பனும் மகனும் ஆத்தூர் பஸ் ஏறினார்கள்.

வேதம் மருந்தைக் கண்டு பயப்படவில்லை, பிரியமானவர்களே. எசேக்கியாவுக்குச் சுகமும் 15 வருஷ ஆயுசும் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (ஏசாயா 38). எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்தபோது, தூதன் வந்து பிரசங்கம் பண்ணினானா? அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான் (1 இராஜா. 19). மெல்லிய சத்தம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. சோர்ந்துபோன பிள்ளையை உபவாசம் என்ற பேரில் பட்டினி போட்டதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

பிசாசின் கிரியையே இல்லை என்று சொல்லுகிறேனா? இல்லை. மத்தேயு 17ல் ஒரே பையனிடத்தில் இரண்டும் இருந்தது. ஆனால் மத்தேயு 4:24ல் பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு என்று பிரித்து எழுதியிருக்கிறதே! பிரித்துப் பார்க்காதபோது என்ன ஆகும்? 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தபடியால் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். சுகம் கிடைக்கும் என்று நம்பித்தானே குடும்பத்தார் அவர்களை அந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்? அது மற்றவர்கள் காரியம் என்று நாம் கைகாட்டிவிட்டுப் போகமுடியாது.

இன்னொன்று. சிலருக்கு மனம் தாழ்வது மட்டுமல்ல, அளவுக்கு மீறி எழும்பும். ஒரு வாலிபப் பிள்ளை நாலைந்து நாள் தூங்காமல், களைப்பும் இல்லாமல், மூச்சுவிடாமல் பேசி, உலகத்தையே அசைக்கப்போகிறேன் என்றால், நம் கூட்டங்களில் அதை அபிஷேகம் என்று சொல்லி மைக்கைக் கையில் கொடுத்துவிடுவோம்! ஊழியக்காரர்களே, நிதானியுங்கள். பிறகு அந்தப் பிள்ளை விழும்போது, பின்வாங்கிப் போச்சு என்றும் நாம்தான் சொல்லுவோம்.

ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயாவை அறிவீர்கள். இந்தியாவுக்கு மிஷனரியாக வந்தவர் நரம்புத் தளர்ச்சியால் ஓய்ந்துபோய், லக்னோவில் ஜெபத்திலே சுகம் பெற்றார். அந்த சாட்சியுள்ளவரே 1950ல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மையத்தைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யும் பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. பிள்ளைகளுக்குத் தனிப்பிரிவே அங்கே உண்டு. நமக்குப் பக்கத்தில் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மாத்திரை என்றதும் பயப்படுகிறீர்கள். லேசான சோர்வுக்கு முதலில் பேச்சு முறைச் சிகிச்சைதான், பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். தேவைப்பட்டால்தான் மருந்து. ஆரம்பித்த முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பாருங்கள், சிலருக்குச் சாகும் நினைவு கூடக்கூடும். அப்படி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். நல்லாயிட்டான் என்று நீங்களாக மருந்தை நிறுத்தாதிருங்கள். சாவைப்பற்றிப் பேசுகிற பிள்ளையைத் தனியே விடவேண்டாம், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிவாருங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் மறைக்காமல் எடுத்துவாருங்கள், அதன்மேலும் கைவைத்து ஜெபிப்போம்.