கண்ணாடியும் இரக்கமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்துக் காலையொன்றில், எங்கள் வகுப்பறைக் கண்ணாடி யன்னலின் கீழே ஆறுமணிக்குருவியொன்று வாய்திறந்தபடி கிடந்தது. இமயமலைச் சாரலினின்றும் நடு இந்தியக் காடுகளினின்றும், பனிக்காலத்தைக் கழித்தற்பொருட்டு இரவிலே பறந்து இலங்கைக்கு வரும் பறவை அது. கடல் கடந்த அதனைக் கால் அங்குலக் கனமுமில்லாத கண்ணாடி வீழ்த்திற்று. மாணவர் அதன் அலகைப் பிளந்து நீர் வார்த்தனர், யானுந் தடுத்திலேன். சிறிது நேரத்தில் இறந்தது. அடியினாலோ நீரினாலோ, யாரறிவார்?

“அன்பினாற் செய்ததுதானே” என்று ஆறுதல் கூறினாருமுளர். அன்பினாற் செய்யப்பட்டமை ஒன்றே ஒரு செயலை அறமாக்குமோ? அடியுண்ட பறவையின் வாயில் வார்க்கும் நீர் மூச்சுக்குழலிற் புகுதல் கூடும். மனிதர் கையும் முகமும் அதற்குப் பேரச்சம். ஆதலால், காற்றுப் புகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து, அதனுள் வைத்து மூடி, இருளும் அமைதியுமுள்ள இடத்தில் விட்டுவிடுதலே தக்கது. உணவும் நீரும் வேண்டா. அடிக்கடி திறந்து பார்த்தலும் ஆகாது. தெளிந்ததாயின் வெளியே கொண்டுசென்று பெட்டியைத் திறக்க. சிறகு தொங்கினாலும் குருதி காணப்படினும் மிருக வைத்தியரிடஞ் சேர்க்க. பார்க்கவேண்டும், தடவவேண்டும் என்னும் ஆசை நம்முடையது, பறவையினுடையதன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத இரக்கம் தன்னையே ஆற்றிக்கொள்கின்றது.

இனி, கண்ணாடி பதித்தவனுக்குக் குற்றமுண்டோ? கொல்லுங் கருத்து அவனுக்கில்லை. பறவையோ கண்ணாடியிலே தோன்றும் வானையும் மரத்தையும் மெய்யென்று நம்பிப் பாய்கின்றது. அறியாதவரையில் அவனைக் குறைகூறேன். அறிந்தபின்? சிக்காகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மக்கோர்மிக் பிளேஸ் என்னும் மண்டபத்தின் கண்ணாடிகளில் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 1,000 பறவைகள் மோதி மடிந்தன. அம்மண்டபத்தருகே மடிந்த பறவைகளை 1978ஆம் ஆண்டு தொட்டே பொறுக்கிக் கணக்கெழுதி வந்தனர். நாற்பத்தைந்தாண்டு எண்ணினார்கள்! எண்ணியவர்மேற் குறையில்லை, அவர்கள் செய்தது நற்பணி. 2024ஆம் ஆண்டிலே புள்ளிகளையுடைய மெல்லிய படலத்தை அக்கண்ணாடிகளில் ஒட்டினர். அவ்வாண்டு இலையுதிர்காலத்து மரணங்கள், முன்னையதை நோக்க, நூற்றுக்கு 95 அளவிற் குறைந்தன.

“ஒரு குருவிக்காகப் பாடசாலைப் பணத்தைச் செலவிடுவதா?” என்பாருக்கு விடை கூறுதல் எளிது. யன்னலின் வெளிப்புறத்தே இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளியிட வெள்ளைப் பூச்சுச் சிறிதே போதும். உட்புறத்திலிட்டால் வெளியே விழும் நிழலுருவை அது மறைக்காது. நடுவே பருந்துப் படமொன்றை மாத்திரம் ஒட்டுதலாலும் பயனில்லை. பறவைகள் அதனை விலகி அடுத்த வெளியிலே மோதும்.

எங்கள் யன்னலுக்கு மாணவரே புள்ளியிட்டனர். நீர் வார்த்தவருள் ஒருவன் தூரிகையைக் கழுவிக்கொண்டே, “ஐயா, யன்னல் முந்தியளவு அழகாயில்லையே” என்றான். மெய்தான். இப்பொழுது வேலியோரத்து வேம்பு புள்ளிகளினூடே தெரிகின்றது.