எட்டு லீற்றர்

பாரிஸில் லாச்சப்பல் மெட்ரோ இரும்புத் தூண்களின் மேல் ஓடுகிறது. அதிலிருந்து இறங்கி போபூர் சென் துனி வீதிக்குள் நடந்தால் புடைவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை எல்லாம் தாண்டி ஒரு தேநீர்க் கடை வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு மருமகன் தன் கைபேசியை மாமனிடம் நீட்டினான். படத்தில் ஒரு சொப்பர் மோட்டார் சைக்கிள். முன்சக்கரம் எங்கோ தொலைவில், ஹாண்டில் ஆளின் தோளுயரத்தில், நடுவில் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல் ஒரு டாங்கி. நண்பர்களோடு சேர்ந்து இப்படியொன்றைக் கட்டப்போகிறானாம்.

மாமன் யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை பார்த்தவர். பாரிஸில் முப்பது வருடமாக உணவகச் சமையலறை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“டாங்கி எத்தினை லீற்றர் பிடிக்கும்?”

“எட்டு, எட்டரை வரும் மாமா.”

“அது எங்க காணும்?”

“நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடும். பெற்றோல் செட் எல்லா இடமும் இருக்குத்தானே.”

மாமன் ஒன்றும் சொல்லாமல் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மருமகனின் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விடயம் இருக்கிறது. ஒரு வண்டியிலிருந்து எதையெல்லாம் கழற்றலாம் என்பது, வண்டிக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சொப்பர் என்ற பெயரே வெட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் பாரமான ஹார்லி டேவிட்சன்களிலிருந்து முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின் மட்கார்டை அரைவாசியில் அறுத்தார்கள். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. பிறகு வந்தவர்கள் அழகுக்காக வெட்டினார்கள். அந்தச் சின்ன டாங்கிக்கு அமெரிக்காவில் கச்சான் என்று பட்டப்பெயர். ஹார்லி கம்பனி அதை ஒரு 125 சிசி குட்டி வண்டிக்காகச் செய்திருந்தது. 1958இல் ஸ்போர்ட்ஸ்டர் வகையொன்றில் பொருத்தியதும் சொப்பர்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

உலகத்துக்குச் சொப்பரைக் காட்டியது 1969இல் வந்த ‘ஈஸி ரைடர்’ திரைப்படம். அதில் பீட்டர் ஃபொண்டா ஓட்டிய, அமெரிக்கக் கொடி வரைந்த டாங்கியுள்ள வண்டிக்கு ‘கப்டன் அமெரிக்கா’ என்று பெயர். லொஸ் ஏஞ்சலஸ் பொலிஸார் ஏலத்தில் விட்ட பழைய ஹார்லிகளை வாங்கித்தான் படத்தின் வண்டிகள் செய்யப்பட்டன. திட்டமிட்டவர் கிளிஃப் வோன்ஸ். கட்டியவர் அதே நகரில் கராஜ் வைத்திருந்த பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர்கள். வோன்ஸ், தென்மாநிலங்களின் சிவில் உரிமைப் போராட்டத்தில் கமராவோடு நின்றவர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவருமே இல்லை. வண்டியிலிருந்து மட்கார்டைக் கழற்றியதுபோல் செய்தவர்களின் பெயரையும் யாரோ கழற்றிவிட்டார்கள். ஹார்டி 1994இலும் வோன்ஸ் 2016இலும் இறந்தார்கள். இடையில், 2014இல், கப்டன் அமெரிக்கா என்று சொல்லப்பட்ட ஒரு வண்டி ஏலத்துக்கு வந்து 13.5 இலட்சம் டொலர் வரை கேட்கப்பட்டது. அது அசல்தானா என்ற சண்டையும் கூடவே வந்தது.

வெட்டிய ஒவ்வொன்றுக்கும் உடம்பு விலை கொடுக்கிறது. சாதாரண மோட்டார் சைக்கிளில் முன் ஃபோர்க் நிலைக்குத்திலிருந்து 25 முதல் 30 பாகை சாய்ந்திருக்கும். சொப்பரில் அது 40ஐத் தாண்டுவதும் உண்டு. நெடுஞ்சாலையில் நேரே போகும்போது வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும். ஆனால் லாச்சப்பல் சந்தியில் பச்சை விளக்குக்குக் காத்திருந்து மெதுவாகத் திருப்பினால் முன்சக்கரம் ஒரு பக்கம் தொப்பென்று விழப் பார்க்கும். பின் சொக் அப்சோபரை எடுத்துவிட்டால் வீதியின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் கணக்கு எழுதும். கப்டன் அமெரிக்காவில் பின் சொக்கும் இல்லை, முன் பிரேக்கும் இல்லை. அதை ஓட்டுகிறவர் சுதந்திரமாக இருந்தார் என்று படம் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஓட்டியவரின் இடுப்பைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கக்கூடும்.

மோட்டார் சைக்கிளைச் சாட்டாக வைத்து வாழ்க்கையை யோசித்தவர்களில் பெயர்பெற்றவர் ரொபர்ட் பெர்சிக். 1974இல் வெளிவந்த அவருடைய ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஒஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்’ நூலில் ஒரு சின்னச் சம்பவம் உண்டு. நண்பரின் புது பிஎம்டபிள்யூவில் ஹாண்டில் வழுக்குகிறது. பியர் ரின்னின் தகட்டை வெட்டி இடையில் செருகினால் இறுகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது. இத்தனை பெரிய வண்டிக்குக் குப்பையில் போகும் ரின் தகடா? கதைசொல்லி அதில் பார்ப்பது துருப்பிடிக்காத, மெல்லிய, நல்ல அலுமினியத்தை.

யாழ்ப்பாணத்தில் அந்த நண்பரைப்போல் முகம் சுளிக்க யாருக்கும் வசதி இருக்கவில்லை.

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் தொடங்கியது. 1995 இறுதி வரை யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்கும் தடை. மண்ணெண்ணெய் அளவாக, கொள்ளை விலையில் கிடைத்தது. அதில்தான் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் ஓடின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் கூடவே வரும். காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பீச்சி, உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடேறும்வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு மண்ணெண்ணெயில் விட வேண்டும். இடையில் நின்றுவிட்டால் மறுபடியும் சில துளி. பிளக்கில் கரி பிடிக்கும், கழற்றி அரத்தாளால் சுரண்ட வேண்டும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் சட்டையில் ஏறி வீட்டுக்குள் வரும்.

இரவில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் நிறுத்திய நூல்திரியைக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி செய்தி வாசித்தது. கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

சொப்பர் கட்டுகிறவருக்கும் யாழ்ப்பாண மெக்கானிக்குக்கும் கைவேலை ஒன்றுதான். இருவரும் இயந்திரத்தைக் காதால் படித்தவர்கள், கம்பனிப் புத்தகம் சொன்னதை மீறியவர்கள், குறைத்துக் குறைத்து எதில் வண்டி நிற்கும் என்று கண்டவர்கள். ஆனால் சொப்பர்காரர் தானே பார்த்துக் கழற்றினார். யாழ்ப்பாணத்தில் கழற்றியவன் வேறு ஒருவன். எஞ்சியதை வைத்து ஓட்டிக்காட்ட வேண்டியது மட்டும் மெக்கானிக்கின் வேலை. எட்டு லீற்றர் டாங்கி அழகாகத் தெரிவது சந்திக்குச் சந்தி பெற்றோல் செட் இருக்கும் ஊரில். பெற்றோலே வராத ஊரில் அழகு பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதனாலேயே அந்த வண்டிகளில் ஒன்றுகூட ஏலத்துக்கு வரப்போவதில்லை. செய்தவர்களின் பெயரை மறைக்க ஒரு ஹொலிவூட்டும் தேவைப்படவில்லை.

இப்போது எதைக் கழற்றலாம் என்று சட்டமும் சொல்கிறது. பிரான்சில் சட்டகத்தை வெட்டி மாற்றினால் அந்த ஒற்றை வண்டிக்கென்று தனியாக அரசின் அனுமதி பெற வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து பாரிஸ் வீதிகளில் பெற்றோல் மோட்டார் சைக்கிளை நிறுத்தக் காசு. 2024 ஏப்ரலிலிருந்து இருசக்கர வண்டிகளுக்கும் கட்டாயத் தொழில்நுட்பப் பரிசோதனை. இந்தியாவில் கம்பனி தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. மருமகனின் கனவு வீதிக்கு வருமுன் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். அது அவனுக்கும் தெரியும்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. மாமன் கடைச் சிட்டையைத் திருப்பிப் போட்டு பேனையால் ஒரு காபரேற்றர் கீறினார். பக்கத்தில் மூக்கு நீண்ட ஒரு குட்டிப் போத்தல். எந்த இடத்தில் எத்தனை துளி என்று அம்புக்குறி போட்டார்.

“மண்ணெண்ணெயில ஓடின அந்த வண்டியின்ர படம் இருக்கா மாமா?”

“படம் எடுக்கிற மாதிரி அது வடிவா இருக்கேல்லை.”

மருமகன் சிட்டையைக் கைபேசியில் படமெடுத்தான். மாமன் அவனுடைய சொப்பரை மறுபடியும் வாங்கிப் பார்த்தார். இம்முறை டாங்கியை விட்டுவிட்டு முன்சக்கரத்தைப் பெருப்பித்தார்.

“மற்றதெல்லாம் உன்ர விருப்பம். முன் பிரேக்கை மட்டும் கழட்டாதை.”

“கழட்ட விடவும் மாட்டாங்கள் மாமா.”

“அப்ப சரி” என்று சொல்லி, இன்னொரு பிளேன்ரீக்குக் கைகாட்டினார்.